மாதவி கொடுத்த காய்ச்சல்

கோலசிலாங்கூர் பக்கத்து ஆட்கள் லேசில் பயப்படமாட்டார்கள். பாம்பு, காட்டுப்பன்றி, இடுப்பளவு வெள்ளம், வெள்ளைக்காரத் துரை என்று எல்லாவற்றையும் பார்த்து வந்த கூட்டம் இது. அப்படிப்பட்ட ஊரில், ஜெரம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த மாதவி, முப்பத்தொன்பது வயதில், பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்ட பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குக் கைப்பேசியைப் பார்த்தபடி கைகால் நடுங்கி நின்றாள்.

வர வேண்டிய ஒரு வரி வரவில்லை. அவ்வளவுதான்.

அந்த வரி என்னவென்று சொல்வதற்கு முன் அவளுடைய வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். புரிந்துகொள்ள ஆறாம் வகுப்புப் படிப்பு போதும். அதற்கு மேல் படித்தவர்கள்தான் இதைக் குழப்பிச் சொல்வார்கள். நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அதில் ஒரு வகைக்கு டி செல் என்று பெயர். தோட்டத்துக் காவல்கார ஜாகா மாதிரி அது. ராப்பகலாகச் சுற்றி வரும். வெளியாள் நுழைந்தால் அடித்துப் போடும். புற்றுநோய் வெளியாள் கிடையாது. தோட்டத்து ஆளாகவே சட்டை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். ஜாகா அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். மாதவி செய்வது இதுதான்: நோயாளியின் ரத்தத்திலிருந்து அந்த ஜாகாக்களை வெளியே எடுப்பாள். பல் பிடுங்கிய வைரஸ் கிருமி ஒன்றின் முதுகில் புதிய மரபணுவை ஏற்றி அவர்களுக்குள் அனுப்புவாள். அதோடு ஜாகாவுக்குத் திருடன் முகம் தெரிந்துவிடும். பத்துப் பன்னிரண்டு நாள் வளர்த்து, கோடிக்கணக்கில் பெருக்கி, உள்ளங்கை அகலப் பையில் அடைத்து, அதே ஆளின் நரம்பில் திரும்ப ஏற்றுவார்கள்.

பெரிய பெரிய நாடுகள் செய்கிற வேலை. அதை இங்கே, புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டையில், ஒரு பக்கம் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையும் மறுபக்கம் பலகைக் கிடங்கும் இருக்கிற தெருவில், செம்பனைக் குலை வெட்டிய நாகமணியின் மகள் செய்தாள். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, ஆறாம் படிவம், பினாங்கில் பட்டம், இங்கிலாந்தில் ஆறு வருஷம் என்று படித்து வந்தவள். நாகமணி சும்மா இருப்பாரா? சுங்கை செம்பிலாங்குக்கு மீன் வாங்கப் போனால்கூட, “எம் மவ கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டா லா” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். “அப்பா, இன்னும் சோதனைதான் நடக்குது, சொல்லாதீங்கப்பா” என்று மகள் கெஞ்சுவாள். அவர் அடுத்த கடையில் போய்ச் சொல்வார்.

மகள் கெஞ்சியதற்குக் காரணம் இருந்தது. இங்கிலாந்தில் நான்காவது வருஷம், புற்றுக்கட்டி வைத்த பன்னிரண்டு எலிகளுக்கு அவள் வளர்த்த அணுக்களைப் போட்டாள். ஐந்தாம் நாள் கட்டிகள் கரைந்து போயிருந்தன. அன்றைக்கு அவள் சந்தோஷத்தில் சாப்பிடவே இல்லை. ஆறாம் நாள் காலை கூண்டைத் திறந்தால் ஒன்பது எலிகள் செத்து விறைத்துக் கிடந்தன. கட்டி இல்லை, எலியும் இல்லை. திருடனைப் பிடிக்கப் போன ஜாகாக்கள் வெறி பிடித்து லயத்துக்கே தீ வைத்துவிட்டார்கள். அவளுடைய பேராசிரியர் எட்டிப் பார்த்து, நல்ல தகவல், எழுதி வை என்றார். மாதவி கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். அன்றைக்குப் பிடித்த பயம் அது. பட்டம் வாங்கியபோதும் போகவில்லை, ஊர் திரும்பியபோதும் போகவில்லை, முதல் மூன்று நோயாளிகள் நல்லபடியாக எழுந்து வீட்டுக்குப் போனபோதும் போகவில்லை.

நோயாளிகள் யாரென்று அவளுக்குத் தெரியக் கூடாது. பைக்கு எண் மட்டும்தான். அது சட்டம். நான்காம் எண்ணின் பேர் தெரிந்துபோனது ஒரு காகிதத்தால்.

இந்தச் சிகிச்சையில் மூளைக்கும் ஆபத்து வரலாம். அது வருகிறதா என்று பார்க்க, நோயாளி தினமும் ஒரு வரி எழுத வேண்டும். ஏதாவது ஒரு வரி. கை கோணினால், சொல் பாதியில் நின்றால், மூளையில் தீ பிடிக்கிறது என்று அர்த்தம். கோலாலம்பூர் மருத்துவமனையில் தாதி நோர்லைலா இதைப் பார்த்துக்கொண்டாள். நான்காம் எண்காரருக்குத் தமிழ் மட்டும்தான் எழுத வரும். அந்த வார்டில் தமிழ் படிக்க யாரும் இல்லை. ஆகவே நோர்லைலா படம் எடுத்து மாதவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

முதல் நாள்: ‘கஞ்சியில் உப்பு இல்லை.’

இரண்டாம் நாள்: ‘பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை லோரி சத்தம் போல் உள்ளது.’

மாதவி சிரித்தாள். மூன்றாம் நாள்: ‘ஜெரம் தோட்டத்து மாரியம்மன் தீமிதியில் இந்த வருஷம் முருகையா இல்லை.’

சிரிப்பு நின்றது. எழுதியவர் முருகையா! குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அவளுடைய ஐந்தாம் படிவத் தேர்வன்று பஸ் வராமல் போனபோது, செம்பனைக் குலைக்கு நடுவே அவளை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டவர். பாவாடை முழுக்க எண்ணெய்க் கறையோடு அவள் தேர்வு எழுதினாள். அந்த மனிதரின் நரம்பில்தான் அவள் வளர்த்த பை மூன்று நாள் முன்னால் ஏறியிருக்கிறது. திரும்ப எடுக்க வழியில்லை.

அன்றிலிருந்து காலையில் கண்ணைத் திறந்ததும் அந்த வரியைத்தான் தேடினாள். லேசான காய்ச்சல் வந்து போனது. பதினோராம் நாள் அவரை வெளியே அனுப்பினார்கள். ஒரு மாதம் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதால், ரவாங்கில் மகள் குமுதாவின் அடுக்குமாடி வீட்டில் தங்கினார். குமுதா படம் எடுத்து நோர்லைலாவுக்கு அனுப்ப, வரி தினமும் வந்தது. திங்கட்கிழமை காலை வந்த வரி மட்டும் கோடு விட்டு இறங்கியிருந்தது. ‘தலை கனமாக’ என்பதோடு நின்றிருந்தது. மாதவி உடனே சொல்ல, நோர்லைலா குமுதாவை அழைத்து இன்றைக்கே கூட்டி வரச் சொன்னாள். சரி என்றார்கள். சாயங்காலம் வரை வரவில்லை. செவ்வாய்க்கிழமை வரியும் வரவில்லை. நோர்லைலாவிடம் எண் வாங்கி மாதவி பதினாறு தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

பதினேழாவது தடவை குமுதா எடுத்தாள்.

“குமுதா, நான் மாதவி. நாகமணி மவ. அப்பா எங்க?”

“அக்கா... அம்மா சொல்லக்கூடாதுன்னாங்க.”

“என்னத்த சொல்லக்கூடாது?”

“ஞாயித்துக்கெழம சாயங்காலம் கால்ல முத்து போட்டுருச்சுக்கா. நேத்து வயித்துலயும் வந்துருச்சு. காய்ச்ச வேற. இது ஃபிளாட்டுலா, பக்கத்து வீட்டுல மீன் பொரிக்கிறாங்க, ஆகாது. மாமா காடியில ஏத்தித் தோட்டத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் யார்கிட்டயும் பேசக்கூடாதாம்.”

நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உடம்பில் முத்துப் போல் புள்ளி கண்டால் அது அம்மை. அம்மை என்றால் ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள். வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும். கவுச்சி கூடாது, தாளிக்கக் கூடாது, வெளியார் காலடி கூடாது. முக்கியமாக, மருந்து கூடாது. ஊசி போட்டால் ஆத்தாவை அவமதித்ததாகும்.

அந்தப் புள்ளி என்னவாக இருக்கும் என்று மாதவிக்குத் தோன்றிவிட்டது. சிகிச்சையால் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்து, தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது. கூடவே காய்ச்சல். கூடவே கோணிய எழுத்து. பன்னிரண்டில் ஒன்பது.

அடுத்த அழைப்பில் விஷயத்தைக் கேட்ட நோர்லைலா மலாயில் கத்தினாள்: “அம்புலன்ஸ் அனுப்புறேன், விலாசம் குடு!”

“அனுப்பு. ஆனா சத்தம் போடாம தோட்டத்து முச்சந்தியில நிக்கச் சொல்லு. நான் போய்ப் பேசாம அவங்க கதவத் திறக்கமாட்டாங்க.”

“ஏன் திறக்கமாட்டாங்க? ஆள் செத்துருவாரே!”

“வீட்டுக்குள்ள சாமி வந்திருக்குன்னு நெனைக்கிறாங்க, லைலா. சாமிய யாரு வெளிய அனுப்புவா?”

ரவாங் தாண்டி நெடுஞ்சாலையில் அவள் எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ஈஜோக் பக்கம் குலை லோரி ஒன்று முன்னால் ஊர்ந்து போனது, முந்த வழியில்லை. நேற்றுக் காலையிலிருந்து காய்ச்சல். இப்போது பதினொன்றரை. இருபத்தாறு மணி நேரம். எலிகளுக்கு அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை.

லயத்து வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. பிளாஸ்டிக் நாற்காலியைக் குறுக்கே போட்டு, முருகையாவின் மச்சான் சன்னாசி உட்கார்ந்திருந்தார். தோட்டத்துக் கோயில் தலைவர். மீசையைப் பார்த்தே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள்.

“யாரு, நாகமணி மவளா? டாக்டரு லயத்துப் பக்கம் வர்ற காலம் வந்துருச்சா! இங்க யாருக்கும் ஊசி வேணாம். காடியத் திருப்பு.”

“மாமா, ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்.”

“எலிக்கு ஊசி குத்திப் பழகுனவ நீ. உங்கப்பந்தான் ஊரெல்லாம் சொல்றானே. எம் மச்சானையும் எலின்னு நெனச்சியா?”

அந்தச் சொல் அவளைச் சரியான இடத்தில் குத்தியது. ஆனாலும் அவள் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றினாள். வாசலில் இருந்த மஞ்சள் தண்ணீரை அள்ளிக் காலைக் கழுவினாள்.

“நான் கவுச்சி சாப்பிடல, மாமா. காலையிலேருந்து எதுவுமே சாப்பிடல. கும்பிட்டுட்டு வந்துடுறேன். கும்பிட வந்தவள நீங்களே தடுக்கலாமா?”

கும்பிடுவதைத் தடுத்தால் கோயில் தலைவர் பேர் என்னாவது? நாற்காலி ஒரு சாண் நகர்ந்தது.

உள்ளே இருட்டும் வேப்பிலை வாசமும். தரையில் வெள்ளை வேட்டி விரித்து முருகையாவைப் படுக்க வைத்திருந்தார்கள். லோரி ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் திருப்பிய ஆள். தோள்பட்டை எலும்பு தெரிந்தது. பக்கத்தில் அவர் மனைவி அம்சவள்ளி ஈர வேப்பிலையால் காலை வருடிக்கொண்டிருந்தாள்.

“மாமா, நான் யாரு தெரியுதா?”

முருகையாவின் கண் அவள்மேல் விழுந்து வழுக்கிப் போனது. “லோரி... லோரி... லோரி” என்றார்.

“பேரு சொல்லுங்க மாமா. உங்க பேரு.”

“லோரி.”

“அவர்கிட்ட கேக்காத. பேசுறது அவரு இல்ல. ஆத்தா பேசுறா” என்றாள் அம்சவள்ளி. அவள் குரலில் பயமே இல்லை. வந்தவள் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கை. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் மாதவிக்குப் பயம் இன்னும் கூடியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவள் அந்த லயத்துப் பிள்ளை. ஏழு வயதில் அதே மாதிரி வேப்பிலையில் படுத்து எழுந்தவள். இங்கிலாந்தில் ஆறு வருஷம் இருந்தும், தேர்வுக்கு முன் மாரியம்மனை நினைக்காமல் பேனாவைத் தொட்டதில்லை. ஒருவேளை நிஜமாகவே ஆத்தாதான் வந்திருந்தால்? அவள் முன்னால் நின்றுகொண்டு இது நீ இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அறிவியல், பட்டம், ஆய்வுக்கூடம் எதுவும் அந்த இடத்தில் துணைக்கு வரவில்லை.

கையை நீட்டி முருகையாவின் காலைத் தொட்டாள். நெருப்பு. புள்ளிகளைத் தடவினாள். வழுவழு என்று இருந்தது.

“அத்தை, உங்க கையக் குடுங்க. இங்க தடவிப் பாருங்க. முத்துன்னா கையில தட்டுப்படணும்ல? தண்ணி கோத்திருக்கணும்ல?”

அம்சவள்ளி மூன்று பிள்ளைகளுக்கு அம்மை பார்த்தவள். அவள் விரல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போனது. அழுத்தியது. அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை. விரல் நின்றது.

“எதுவும் தட்டுப்படல” என்றாள் மெதுவாக. “அப்ப இது என்ன?”

“தோலுக்கு அடியில ரத்தம். அத்தை... இந்தக் காய்ச்சல் ஆத்தா குடுத்தது இல்ல. நான் குடுத்தது.”

வாசலில் சன்னாசி எழுந்து நின்ற சத்தம் கேட்டது.

“நீ குடுத்தியா?” என்றாள் அம்சவள்ளி.

“அன்னைக்கு நரம்புல ஏத்துனாங்களே ஒரு பை, அது நான் வளர்த்தது. கட்டியக் கரைக்கத்தான் குடுத்தேன். காய்ச்சல் வரும்னு தெரியும். இவ்வளவு வரும்னு தெரியல. மூளைக்கு ஏறிருச்சு. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா அணைக்க மருந்து இருக்கு. சாயங்காலம் ஆனா மருந்து கேக்குமான்னு தெரியாது.”

“கையெழுத்து வாங்குனப்ப இதயெல்லாம் சொன்னாங்களா?”

“சொன்னாங்க. இங்கிலீசுலயும் மலாயிலயும் சொன்னாங்க. இந்த மாதிரி சொல்லல.”

“ஆளு செத்துட்டா?”

மாதவி சொன்னாள்:

“செத்துட்டா நாந்தான். ஆத்தா மேல போடாதீங்க.”

“ஏய், என்னாடி பேசுற!” என்று சன்னாசி உள்ளே பாய்ந்தார். அம்சவள்ளி தலையைத் திருப்பாமல் கையை மட்டும் உயர்த்தினாள்.

“நீ சும்மா இருண்ணே. முத்து இல்லன்னு என் கையே சொல்லுது.”

ஆனாலும் அவள் உடனே கிளம்பிவிடவில்லை. சாமி மாடத்துக்குப் போனாள். சூடம் ஏற்றினாள். தெரியாமல் உன் பேரைச் சொல்லி விட்டோம், கோபிக்காதே என்று ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டாள். சூடம் எரிந்து முடியும்வரை யாரும் அசையவில்லை. மாதவிக்கு அது ஒரு வருஷம் மாதிரி இருந்தது. முருகையாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. நின்றுவிட்டதோ என்று நான்கு தடவை குனிந்து பார்த்தாள். ஆனாலும் அவசரப்படுத்தவில்லை.

சூடம் அணைந்ததும் அம்சவள்ளி சொன்னாள்: “அண்ணே, நாற்காலிய உள்ள கொண்டா. அவரத் தூக்கு.”

வழியை மறித்த நாற்காலியிலேயே முருகையாவை உட்கார வைத்து, சன்னாசியும் மாதவி முச்சந்தியிலிருந்து அழைத்து வந்த அம்புலன்ஸ் ஆளும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மருத்துவமனையில் டாக்டர் லிம் ஒரு நிமிஷம்தான் பார்த்தார். தட்டணு ஏற்றச் சொன்னார். காய்ச்சலைத் தூண்டுகிற சங்கதியை அடைக்கும் மருந்து, அதற்கு மேல் ஸ்டீராய்டு. போகிற போக்கில் மாதவியிடம், “இவ்வளவு ஸ்டீராய்டு குடுத்தா உங்க செல்லும் சேர்ந்து சாகலாம்” என்றார். பதினைந்து வருஷ உழைப்பு அந்த ஆளின் ரத்தத்தில் அணைந்து போகலாம். அணைந்தால் கட்டி திரும்ப வரும். அணையாவிட்டால் இன்றைக்கே ஆள் போய்விடுவார். “குடுங்க, டாக்டர்” என்றாள் மாதவி.

நான்கு நாள் தீவிரச் சிகிச்சை. அந்த நான்கு நாளும் அவள் வேலைக்குப் போனாள். வேறு நோயாளிகளின் அணுக்கள் ஆய்வகக் கூட்டில் வளர்ந்துகொண்டிருந்தன, அவற்றை விட்டு வர முடியாது. நுண்ணோக்கியில் குனிந்தால் அவை உருண்டையாக, பளபளவென்று, ஆரோக்கியமாக இருந்தன. பார்க்கவே பயமாக இருந்தது. சாயங்காலம் மருத்துவமனை நடைபாதையில் அம்சவள்ளிக்குப் பக்கத்தில் போய் உட்காருவாள். அம்சவள்ளி பேசமாட்டாள். எழுந்து போ என்றும் சொல்லமாட்டாள். நாகமணி ஒருநாள் வந்தார், மகளைப் பார்த்தார், வாழ்நாளில் முதல் தடவையாக அவளைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

ஐந்தாம் நாள் காலை முருகையா கண்ணைத் திறந்து, “என் லோரி சாவிய எவன் எடுத்தான்?” என்று கேட்டார். சன்னாசி மீசையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

ஒரு மாதம் கழித்துப் படம் எடுத்தார்கள். கழுத்தில் இருந்த புற்றுக்கட்டி காணவில்லை. வயிற்றில் ஒரு நிழல் இருக்கிறது. மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர் லிம். இடது கைப்பிடி இன்னும் சரியாகவில்லை. லோரி ஓட்ட முடியுமா என்று யாருக்கும் தெரியாது. ஜெயித்தோம் என்று கொண்டாட அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஆள் இருக்கிறார், கஞ்சியில் உப்பு பத்தவில்லை என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்.

மாதவி நோயாளிக் குடும்பங்களுக்கு ஒரு தாள் தயாரித்தாள். தமிழில், பெரிய எழுத்தில்: உடம்பில் சிவப்புப் புள்ளி வந்தால் அம்மை என்று நினைக்க வேண்டாம், உடனே அழைக்கவும். முதல் தாளை அம்சவள்ளியிடம் காட்டினாள். அம்சவள்ளி எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்குப் பிறகு அவளிடம் அம்சவள்ளி பேசிய முதல் பேச்சு இதுதான்.

“இத நான் அப்பவே படிச்சிருந்தாலும் வேப்பிலதான் கட்டியிருப்பேன். தாளு சொன்னா நாங்க கேக்க மாட்டோம், புள்ள. செஞ்சவ வந்து சொல்லணும்.”

பெயர் தெரியக் கூடாது என்பது சட்டம். மாதவி மேலிடத்தில் போய் நின்றாள். மூன்று கூட்டம் போட்டார்கள். குடும்பம் சம்மதித்தால் போகலாம் என்று கடைசியில் அரை மனதாக விட்டார்கள். படித்தவர்களுக்கு எதையும் புரியவைக்க மூன்று கூட்டம் வேண்டியிருக்கிறது.

எட்டாம் எண்ணின் வீடு சுங்கை ஆயர் தாவாரில். ஐம்பது வயதுத் தாயம்மா; பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறவள். அடுத்த வாரம் அவளுக்குப் பை ஏறப் போகிறது. மாதவி காடியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அம்சவள்ளியும் வந்திருந்தாள், கூப்பிடாமலே ஏறிக்கொண்டவள். அவள்தான், “எறங்கு. பயந்தா பயந்துகிட்டே எறங்கு” என்றாள்.

தாயம்மா மைலோ கலக்கிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். காய்ச்சல், எழுத்து, புள்ளி, மூளை. மாதவி எதையும் மறைக்கவில்லை. குவளை அவள் கையில் ஆடி, மைலோ தட்டில் சிந்தியது.

“ஏம்மா, நீயே இப்பிடி நடுங்குற. நான் பொழச்சுக்குவேனா?”

“தெரியாது, அக்கா. காய்ச்சல் வரும். அது என் காய்ச்சல். வந்தா என்னக் கூப்புடுங்க.”

தாயம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி, ஒரு பேனாவையும் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தாள்.

“ஆபீஸ் நம்பரு வேணாம். ஒன்னோட நம்பர எழுது. பெருசா எழுது.”